நம்ம ஆளுக மட்டும்

நரம்பு மருத்துவரின் வரவேற்பறையில் டோக்கனுக்காகக் காத்திருந்தபோதுதான் டீச்சரை முதன்முதலில் பார்த்தேன். என் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு வயதான அம்மாள், மகளின் கைப்பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, உள்ளே இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலியில் பரப்பிக்கொண்டிருந்தார். பஸ் பாஸ், சீப்பு, சிவப்பு மைப் பேனா, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். நான் பார்ப்பதை அந்த மகள் கவனித்துவிட்டார்.

"தினமும் ஒரு தடவ செக்கிங் உண்டு சார். இன்னைக்கு வீட்டுக்கு வெளிய நடக்குது, அம்புட்டுத்தான்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அப்பாவுக்கு நினைவு தப்பத் தொடங்கி அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அதைப் பற்றி நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான். சிரித்த பிறகு குற்றம் செய்தவனைப் போல அப்பாவைப் பார்த்தேன். அவர் கதவைப் பார்த்துக்கொண்டு, "வண்டி வந்திருச்சா?" என்று கேட்டார். அவர் டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவையாவது அந்தக் கேள்வி வரும்.

"எங்க வீட்ல, எப்ப வீட்டுக்குப் போவோம்னு கேக்கும். வீட்டுக்குள்ளயே உக்காந்துக்கிட்டு" என்றார் பக்கத்து வரிசையில் இருந்த ஒருவர். பெரிய தாடி, வெள்ளைச் சட்டை. அவருடைய சட்டைக் கையைப் பிடித்தபடி அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டி ஓரிரு வயதுதான் இருக்கும். இந்த நோய்க்கு அது ஒரு வயதே இல்லை. தாடிக்காரர் பழைய நகரத்துக்குள், பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பதாகச் சொன்னார்.

டாக்டர் வர அன்று இரண்டு மணி நேரம் தாமதமானது. அதற்குள் மூன்று பேரும் போன் எண்களை வாங்கிக்கொண்டோம். மறுநாள் நான் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். டீச்சர், பாத்திரக்கடை அண்ணன், நான். குழு தொடங்கியவன் என்பதால் அட்மினும் நானே. அந்தப் பதவியை அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை.

டீச்சர் உசிலம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காளவாசல் பக்கம் அம்மாவோடு வாடகை வீட்டில் இருந்தார். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருவார். சாயங்காலம் டீச்சரின் பஸ் வந்து சேர்ந்ததும் அந்தப் பெண் கிளம்பிவிடுவார். நான் தனியார் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பழங்காநத்தத்தில் வீடு. அப்பாவைப் பகலில் என் மனைவி பார்த்துக்கொள்கிறாள். அந்தக் காலத்தில் அவள் என்னோடு பேசியதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். நியாயமான சண்டைகள்.

குழுவில் சாயங்காலம் ஆனால் ஒரு கேள்வி வரும். "இன்னைக்கு எம்புட்டு?" அவரவர் வீட்டுக் கேள்வி எத்தனை தடவை கேட்கப்பட்டது என்று எழுத வேண்டும். அதிகம் வாங்கியவர் ஜெயித்தவர். அண்ணன் பெரும்பாலும் ஜெயிப்பார். "நாப்பத்தி மூணு. அதுக்கப்புறம் எண்ண முடியல, கஸ்டமர் வந்துட்டாரு" என்று எழுதுவார். டீச்சர் எழுதுவதைவிடப் பேசி அனுப்புவதுதான் வழக்கம். அவருடைய அம்மா அன்றைக்கு என்ன கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார் என்பதை அதே குரலில் பேசிக் காட்டுவார். வாழ்நாள் முழுக்க ஒரு சுடுசொல் பேசாத அம்மாவாம். "இத்தன வார்த்தைய எங்கிட்டு ஒளிச்சு வச்சிருந்துச்சுன்னு தெரியல சார்" என்பார். நாங்கள் அவரவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து சிரிப்போம். வெளி ஆள் யாராவது கேட்டிருந்தால் எங்களை மனிதர்களாகவே மதித்திருக்க மாட்டார்கள்.

டாக்டரிடம் பார்த்தவர், சொல்லக் கேட்டு வந்தவர் என்று குழு மெல்ல மெல்ல முப்பது பேர் ஆனது. எல்லோரும் மதுரையும் சுற்று வட்டாரமும்தான். சட்டைக் காலருக்கு உள்பக்கம் போன் நம்பரை மார்க்கரில் எழுதி வைப்பது, கேட்டுக்குத் தாழ்ப்பாளை வெளிப்பக்கமாக மாற்றுவது, குளிக்க அடம்பிடித்தால் 'கோயிலுக்குப் போகணும்' என்று சொல்வது, எல்லாம் அங்கே கற்றுக்கொண்டதுதான். ஆனால் அந்தக் குழு என்னவாக இருந்தது என்று எனக்கு உண்மையில் புரிந்தது அப்பா காணாமல் போன அன்றுதான்.

காலையில் நான் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்த நேரம், மனைவி போன் செய்தாள். கேஸ் சிலிண்டர் வாங்கக் கதவைத் திறந்த இடைவெளியில் அப்பா வெளியே போய்விட்டார். நான் வண்டியை எடுப்பதற்கு முன் குழுவில் ஒரு வரி போட்டேன். பழங்காநத்தம் ரவுண்டானாவை நான் அடைவதற்குள் ஆறு பேர் எந்தெந்தத் தெருவில் தேடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள். டீச்சர் பஸ்ஸில் செக்கானூரணியைத் தாண்டியிருந்தார். தேட வர முடியாது என்பதால், யார் எங்கே போவது என்று அங்கிருந்தே ஒவ்வொருவருக்காகப் போன் செய்து பிரித்துக்கொடுத்தார். அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒங்க அத்தா வேலையில இருந்தப்ப எந்த பஸ் ஸ்டாண்டுக்குப் போவாரு?"

"கடைசியா மாட்டுத்தாவணிண்ணே."

"அப்ப வீட்டச் சுத்தித் தேடாதீங்க. நான் அங்க போறேன்."

கடையைப் பூட்டிவிட்டுப் போனார். டவுன் பஸ் நிற்கும் இடத்தில் அப்பா ஒரு பஸ்ஸின் படி அருகே நின்றுகொண்டு, பூக்கூடைகளோடு ஏறிய பெண்களிடம் "உள்ள போங்க, உள்ள போங்க, எடம் கெடக்குல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்த பஸ்ஸின் கண்டக்டர் என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. கையைப் பிடித்து இழுக்கவில்லை. பக்கத்தில் போய், "ஐயா, பழங்காநத்தம் போகணும், எந்த வண்டி?" என்று கேட்டிருக்கிறார். அப்பா அவரைச் சரியான பஸ்ஸுக்கு அழைத்துப்போய் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். வழி முழுக்க நின்றுகொண்டே வந்தாராம். ஸ்டாப் வந்ததும் அண்ணனைப் பார்த்து, "எறங்குங்க, ஒங்க எடம் வந்திருச்சு" என்றாராம். அண்ணன், "கால் வலிக்குதுய்யா, கொஞ்சம் கைபிடிச்சு விடுங்க" என்று சொல்லி அவரை வீட்டு வாசல் வரை கூட்டிவந்துவிட்டார். பிறகு தன்னுடைய வண்டியை எடுக்க இன்னொரு பஸ் பிடித்து மாட்டுத்தாவணிக்குத் திரும்பிப் போனார்.

இப்படிப்பட்ட முப்பது பேர் எனக்கு இருந்தார்கள். இது போதாது என்று எனக்குத் தோன்றியது. ஏன் தோன்றியது என்பதை இப்போது யோசித்தால் இரண்டு பதில்கள் வருகின்றன. ஒன்று, எங்களைப் போல இன்னும் எத்தனையோ பேர் வீட்டுக்குள் தனியாகத் தவிப்பார்களே என்ற எண்ணம். அது பொய்யில்லை. இன்னொன்று, கல்லூரி அலுவலகத்தில் இருபது வருடம் பிறருக்காகக் கடிதம் தட்டச்சு செய்தவனுக்கு, தன்னுடையது என்று ஒன்று வளர்வதைப் பார்க்கும் ஆசை. அதுவும் பொய்யில்லை.

முதலில் ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கினேன். குழுவில் வரும் பயனுள்ள விஷயங்களைத் தொகுத்து அதில் போடுவேன். குழுவில் இருந்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களுமாகக் கொஞ்சம் பேர் அதைப் படித்தார்கள். அதுவரை எல்லாம் சரிதான். பிறகு இன்ஸ்டாவில் ஒரு கணக்கு. அதைத் தொடங்கும்போதே, பக்கத்தோடு இணைக்கவா என்று கேட்டது. இணைத்தேன். ஓர் இடத்தில் போட்டால் இன்னோர் இடத்திலும் தானாகப் போய்விடும், இரண்டு வேலை இல்லை. அப்புறம் ஒரு வாட்ஸ்அப் சேனல், அதற்கும் அங்கிருந்தே வழி. எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில், அப்பா தூங்கிய நேரத்தில் முடிந்துவிட்டது. செய்து முடித்ததும் பெரிய வீட்டுக்கு மின்சார இணைப்புக் கொடுத்த மாதிரி ஒரு திருப்தி. அதன் பிறகு அந்த இணைப்புகளைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. குழுவில் யாரிடமும் விளக்கமாகச் சொல்லவும் இல்லை. "இன்ஸ்டாவிலும் இருக்கிறோம்" என்று ஒரு வரி போட்டேன். நாலைந்து பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள்.

அண்ணன் மட்டும் ஒரு நாள் கடையில் வைத்துக் கேட்டார். "நமக்கு எதுக்கு தம்பி ஊரு? நம்ம முப்பது பேரு போதாதா?"

"நம்மள மாதிரி எம்புட்டுப் பேரு வழி தெரியாமக் கெடக்காங்கண்ணே. அவங்களுக்கு உதவும்ல?"

"உதவும், உதவும்" என்றார். ஒரு குண்டானின் அடியைத் துணியால் துடைத்தபடி, "ஆனா ஊரு சும்மா பாத்துட்டுப் போகாது தம்பி, ஏதாச்சும் சொல்லிட்டுத்தான் போகும்" என்றார்.

உதவியது என்பதையும் சொல்ல வேண்டும். தேனிப் பக்கத்திலிருந்து ஒரு மகன் எழுதினார், காலரில் நம்பர் எழுதி வைத்ததால் அவர் அப்பா திரும்பக் கிடைத்தார் என்று. அந்த ஒரு செய்தியைப் பல நாள் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஆனால் எங்களுடைய பேச்சு மாறத் தொடங்கியது. எப்போது மாறியது என்று சொல்ல முடியவில்லை. பக்கத்தில் படித்துவிட்டுப் புதியவர்கள் குழுவுக்கு வந்தார்கள், நானும் சேர்த்துக்கொண்டே இருந்தேன். எண்ணெய் விற்பவர் வந்தார். மந்திரம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஒருவர் வந்தார். ஒரு சாயங்காலம் வழக்கம்போல "இன்னைக்கு எம்புட்டு?" வந்தபோது, அண்ணன் எண்ணிக்கையைப் போட, சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத ஒருவர் எழுதினார்: "நோயாளிகளை வைத்து விளையாடுவது வெட்கக்கேடு." யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மறுநாள் அந்தக் கேள்வி வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை.

டீச்சர் கெட்ட வார்த்தை பேசிக் காட்டுவதை நிறுத்தினார். பழைய ஆட்களே கூட, பக்கத்தில் போடுவதற்குத் தோதாக எழுத ஆரம்பித்தார்கள். தாயின் காலடியில் சொர்க்கம், நம்மைச் சுமந்தவரை நாம் சுமப்போம் என்றெல்லாம். அப்படி எழுதியவர்களில் ஒருவர் முந்தின வருடம், 'இன்னைக்கு அப்பாவை அறைஞ்சிருப்பேன் சார், கைய மடக்கிக்கிட்டேன்' என்று எழுதி அழுதவர். அதற்கு அன்று பதினைந்து பேர் பதில் எழுதியிருந்தோம். இப்போது அவர் எழுதும் சொர்க்கத்துக்கு ஆயிரம் விருப்பக்குறிகள் விழுந்தன. ஒரு பதில் இல்லை.

இந்த நிலையில்தான் டீச்சர் ஒரு நாள் சாயங்காலம், பேசாமல், எழுதி அனுப்பினார். நெடுநாளைக்குப் பிறகு எழுதிய உண்மையான வரிகள். ஏறக்குறைய இப்படி இருந்தது:

'இன்னைக்கு உசிலம்பட்டி பஸ்ல வந்தேன். காளவாசல் வந்துச்சு. எறங்கல. உக்காந்தே இருந்தேன். ஆரப்பாளையம் வரைக்கும் வந்து, பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சுல அரை மணி நேரம் உக்காந்து கடலை தின்னேன். வீட்டுக் கதவத் தெறக்க மனசு வரல. அம்மா இல்லாமப் போயிட்டா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். டீச்சர், சாப்பிட்டீங்களான்னு அம்மா கேட்டுச்சு. விருந்தாளியக் கேக்குற மாதிரி.'

படித்துவிட்டுச் சமையலறையில் இருந்த மனைவியிடம் போனை நீட்டினேன். அவள் படித்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைத் துடைத்தாள். அவளுக்கும் அப்படி அரை மணி நேரங்கள் இருந்திருக்கின்றன என்று எனக்கு அப்போது தெரிந்தது. இதைப் படித்தால் எத்தனை பேருக்கு மூச்சு வரும் என்று நினைத்தேன். டீச்சரைக் கூப்பிட்டேன்.

"டீச்சர், பேர் போடாம இத நம்ம பக்கத்துல போடவா? நெறயப் பேருக்கு ஆறுதலா இருக்கும்."

"பேரு வராதுல்ல சார்?"

"வராது."

"அப்பச் சரி. நம்ம ஆளுக மட்டுந்தான படிக்கப் போறாக."

அந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். இல்லை டீச்சர், இது இப்போது பல இடங்களுக்குப் போகும், யார் யாரோ படிப்பார்கள் என்று. எனக்கு அது தெரியும். ஆனால் சொன்னால் வேண்டாம் என்பார் என்றும் தெரியும். "ஆமா டீச்சர்" என்றேன்.

பெயரை எடுத்தேன். உசிலம்பட்டி பஸ்ஸை எடுக்கவில்லை. காளவாசலை எடுக்கவில்லை. 'டீச்சர், சாப்பிட்டீங்களா' என்பதை எடுக்கவே இல்லை, அதுதான் அதில் அழகான வரி என்று நினைத்தேன்.

பக்கத்தில் முதலில் வந்த பதில்கள் எங்கள் ஆட்களுடையவை. 'எனக்கும் இப்படி', 'எனக்கும்' என்று. மறுநாள் மதியம் போனை எடுத்தபோது இன்ஸ்டாவில் அது வேறொன்றாக ஆகியிருந்தது. நிறையப் பேர் பின்தொடரும் யாரோ ஒருவர் அதைச் சோக இசையோடு வாசித்து வீடியோவாகப் போட்டிருந்தார். மேலே பெரிய எழுத்தில், பெற்ற தாய் சாகக் காத்திருக்கும் ஆசிரியை என்று. 'அந்தப் பஸ்ஸிலேயே விழுந்து செத்திருக்கலாமே' என்று ஒருவர். 'இவளிடமா பிள்ளைகள் படிக்கிறார்கள்' என்று ஒருவர். 'மகன் இல்லையா, அவன் எங்கே' என்று பலர். நாலு பதில் தள்ளி, உசிலம்பட்டியிலிருந்து ஒருவர், எந்தப் பள்ளிக்கூடம், யார் என்று எழுதிவிட்டிருந்தார்.

டீச்சர் அழைத்தபோது மூன்றரை மணி இருக்கும்.

"சார், ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் போன வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் உள்ள போனதும் சத்தத்தக் கொறச்சிட்டாங்க." அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "என் குரல் இல்ல சார் அது. வேற யாரோ படிக்கிறாங்க. ஆனா எழுதினது நான்தான். எப்படி சார் அங்க போச்சு?"

எப்படிப் போனது என்று விளக்கினேன். இணைப்பு, தானாகப் போவது, எல்லாம். விளக்க விளக்க எனக்கே அது நொண்டிச் சாக்காகக் கேட்டது. முடிவில் அவர், "அப்ப ஒங்களுக்குத் தெரியும்" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

பக்கத்தில் அழித்தேன். இன்ஸ்டாவில் அப்படியே இருந்தது. போகும்போது தானாகப் போனது, திரும்பும்போது தானாகத் திரும்பவில்லை. அங்கேயும் அழித்தேன். சேனலில் அழித்தேன். அதற்குள் அது வாட்ஸ்அப்பில் படமாகச் சுற்றி, என் மனைவியின் தங்கை குடும்பக் குழுவுக்கே வந்துவிட்டது. விளக்கம் என்று நான் எழுதிய பத்து வரி, இன்னும் பலரை அதைத் தேடிப் படிக்க வைத்தது.

அந்தச் சனிக்கிழமை, டீச்சரின் தம்பி கோயம்புத்தூரிலிருந்து மனைவியோடு காரில் வந்தார். அண்ணன் எனக்குப் போன் செய்து, "வாங்க தம்பி, போயிட்டு வருவோம். நாம போகாம இருந்தாத் தப்பு" என்று கூட்டிக்கொண்டு போனார். வீட்டுக்குள் அம்மாவின் பைகளைக் கட்டி வைத்திருந்தார்கள்.

"நீங்கதானா அந்தக் குரூப் நடத்துறவரு?" என்று தம்பி கேட்டார். ஆமாம் என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அழுகிற மாதிரி இருந்தார். "எங்க ஆபீஸ்ல கேக்குறாங்க சார். மகன் எங்கன்னு எனக்கே எழுதுறாங்க. முன்னப்பின்னத் தெரியாதவங்க. நான் என்ன பதில் சொல்றது? அம்மாவ நான் வச்சுக்கிறேன். இனி யாரும் ஒன்னும் பேச முடியாதுல்ல?"

"தம்பி, எடம் மாறினா இந்த நோய்க்காரங்களுக்கு ஆகாது. கொஞ்சம் பொறுத்து..." என்று அண்ணன் ஆரம்பித்தார்.

"பொறுத்து என்னண்ணே? இன்னும் என்ன வரணும்?"

டீச்சர் தம்பியோடு வாதாடவில்லை. நாத்தனார் என்ற முறையில் யாரையும் குத்திப் பேசவும் இல்லை. தம்பியின் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, பாடம் நடத்துகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். பால் எவர்சில்வர் டம்ளரில்தான் கொடுக்கணும், கண்ணாடி கிளாஸில் கொடுத்தால் குடிக்காது. முன்னாடி பட்டன் வச்ச நைட்டிதான். பாத்ரூம் லைட் எப்பவும் எரியணும். கண்ணாடிக்குத் துணி போட்டு மூடிடணும், உள்ளே இருக்கிற ஆளைப் பார்த்துப் பயப்படும். அந்தப் பெண் போனில் குறித்துக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் ஆனது. அம்மாவைப் பார்த்துக்கொண்ட ஐந்து வருடத்தை அவர் கால் மணி நேரத்தில் ஒப்படைத்தார்.

அம்மா காரில் ஏற மறுத்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி டீச்சரைப் பார்த்து, "டீச்சர், நீங்களும் வாரீங்களா?" என்று கேட்டார்.

"வாரேம்மா. நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாடி வாரேன்."

அதை நம்பி ஏறிக்கொண்டார்.

அங்கே போய் ஒரு மாதம் ஆவதற்குள் அம்மா பாத்ரூமில் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. படுத்தவர் எழவில்லை. டீச்சர் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு போய்க் கூடவே இருந்தார். பொங்கலுக்கு முன்னால் அம்மா போய்விட்டார். இடம் மாறியதால்தான் விழுந்தார் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது, இந்த நோயில் எந்த வீட்டிலும் விழலாம் என்று எங்கள் டாக்டர் சொன்னார். அவர் நல்ல மனிதர். நான் என்ன கேட்க வந்தேன் என்று தெரிந்துதான் அப்படிச் சொன்னார். அந்தப் பதிலை நானும் எனக்குப் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

குழுவிலிருந்து ஒவ்வொருவராகப் போனார்கள். யாரும் சண்டை போடவில்லை, யாரும் என்னைத் திட்டவில்லை. 'வெளியேறினார்' என்று சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வரி மட்டும் வரும். அந்த வீடியோ பரவிய ஒரு வாரத்திலேயே பழைய முப்பது பேரில் பாதிக்கு மேல் இல்லை. எண்ணெய் விற்பவர் கடைசிவரை இருந்தார்.

அண்ணனும் வெளியேறவில்லை. ஆனால் ஒரு நாள் கடைக்குக் கூப்பிட்டார். மதியத் தொழுகை முடிந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்தவர், கொஞ்ச நேரம் வேறு எதையோ பேசிவிட்டுச் சொன்னார்.

"தம்பி, ஒரு ஒதவி. நான் வீட்லயப் பத்தி எழுதினதெல்லாம் எங்கெங்க கெடக்குன்னு பாத்துச் சொல்லுங்க. எனக்கு அந்த வெவரம் தெரியாது."

"அழிச்சிரவாண்ணே?"

"ஆமா. எங்க வீட்ல அது நல்லா இருந்திருந்தா, மச்சான், என்னப் பத்தி என்னத்தையாவது எழுதுங்கன்னு சிரிச்சிருக்கும். இல்ல எழுதாதீங்கன்னு சண்ட போட்டிருக்கும். இப்ப ரெண்டுஞ் சொல்லாது. சொல்லத் தெரியாத ஆளப் பத்தி நாம எழுதிக்கிட்டே இருந்திருக்கோம் தம்பி."

நாலு நாள் தேடினேன். அவர் எழுதியவை பதினோரு இடங்களில் இருந்தன. எனக்கே தெரியாத பக்கங்களில் சில. வீட்டுக்குள் உட்கார்ந்து வீட்டுக்குப் போகணும் என்று கேட்கும் மனைவியைப் பற்றிய குறிப்பு ஒன்று, யாரோ ஒருவரின் காதல் கவிதைப் பக்கத்தில், வேறு யாருடைய பெயரிலோ இருந்தது. எடுக்கச் சொல்லி எழுதினேன். சிலர் எடுத்தார்கள். இரண்டு இடத்தில் பதில் இல்லை. அண்ணனிடம், "எல்லாம் போயிருச்சுண்ணே" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அந்த இரண்டும் இன்றும் இருக்கின்றன.

இணைப்புகளையெல்லாம் துண்டித்தேன். பக்கத்தை மூடினேன். குழுவில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றிவைத்தேன், அட்மினும் எழுதவில்லை.

டீச்சர் காளவாசல் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார் என்று அண்ணன் சொல்லித் தெரிந்துகொண்டேன். போவதா வேண்டாமா என்று பல நாள் தள்ளிப்போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாகப் போனேன். கதவைத் திறந்து, "வாங்க சார்" என்றார். காபி போட்டுக் கொடுத்தார். வீடு சுத்தமாக இருந்தது. விடைத்தாள் கட்டு ஒன்று மேசையில் இருந்தது. அம்மாவின் படம் மாட்டியிருந்தார்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். மனப்பாடம் செய்து வைத்திருந்ததில் பாதிதான் வந்தது. அவர் கேட்டுக்கொண்டார்.

"கோவம் இல்லன்னு சொன்னாப் பொய்யாப் போகும் சார்" என்றார். "அன்னைக்கு நான் எழுதினது உண்மை. அதுல எனக்கு வெக்கம் இல்ல. அம்மாவ நான் எப்படிப் பாத்தேன்னு எனக்குத் தெரியும். ஆனா நீங்க என்கிட்டச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"தெரியும் டீச்சர். அதனாலதான் சொல்லல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒன்றை நான் ஒப்புக்கொள்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். தலையை மட்டும் ஆட்டினார்.

"இப்ப யார்கிட்டயாவது பேசுறீங்களா டீச்சர்? மனசுல இருக்கிறத?"

"இல்ல சார். ஸ்கூல் விட்டா வீடு. வாய் வரைக்கும் வரும். இத எங்க கொண்டுபோய் வப்பாங்களோன்னு தோணும். அடங்கிருவேன்."

டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். வாசல் வரை வந்தார். நான் செருப்பை மாட்டும்போது, பழைய நாள் வழக்கம்போல, "அப்பா எப்படி இருக்காரு சார்? தூங்குறாரா?" என்று கேட்டார்.

அப்பா தூங்கி நாலு நாள் ஆகியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம், கட்டிலிலிருந்து எழுந்து ஓட முயன்றவரின் மணிக்கட்டை நான் பிடித்த பிடியில் அது கன்றிப்போயிருந்தது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு என்னோடு பேசாமல் இருந்தாள். ஒரு காலத்தில் இதைச் சொல்ல எனக்கு இந்த உலகத்தில் இருந்த முதல் ஆள் இவர்தான். சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். அன்றும்கூடக் கேட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

"தூங்குறாரு டீச்சர். நல்லா இருக்காரு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.